பசும்புல்லில் அமரச் செய்தவர்

பொதுக்காலம் 16ஆம் ஞாயிறு – இரண்டாம் ஆண்டு, 18 ஜூலை 2021
எரே 23:1-6, திபா 23, எபே 2:13-18, மாற் 6:30-34



இன்று நாம் கேட்ட நற்செய்தி ஐந்தே வசனங்கள். அதற்குள் ஒரு பயணம் தொடங்குகிறது. தொடங்கிய வேகத்திலேயே முறிந்தும் போகிறது. இயேசு பன்னிருவரையும் இருவர் இருவராக ஊர்களுக்கு அனுப்பியிருந்தார். அவர்கள் மனம் திரும்பச் சொல்லிப் பறைசாற்றினார்கள், நோயாளிகளுக்கு எண்ணெய் பூசினார்கள், நடந்து களைத்துத் திரும்பினார்கள். அவர்கள் போனதற்கும் வந்ததற்கும் நடுவில் மாற்கு இன்னொரு செய்தியை வைக்கிறார். ஏரோதின் விருந்தில் திருமுழுக்கு யோவானின் தலை வெட்டப்படுகிறது. அவருடைய சீடர்கள் வந்து உடலை எடுத்துக் கல்லறையில் வைக்கிறார்கள். இதற்குப் பிறகுதான் திருத்தூதர்கள் திரும்பி வருகிறார்கள். உடலில் களைப்பு, மனத்தில் துக்கம்.

எத்தனை ஊர் போனீர்கள், எத்தனை பேரைக் குணமாக்கினீர்கள் என்று ஆண்டவர் கணக்குக் கேட்கவில்லை. அடுத்த வேலையைத் தூக்கிக் கையில் கொடுக்கவும் இல்லை. வருவோரும் போவோருமாக இருந்த அந்த நெரிசலில் அவர்களுக்குச் சாப்பிடக்கூட நேரம் இல்லை என்பதை அவர் கவனித்தார். தனியாக ஓரிடத்துக்குப் போய்ச் சற்று ஓய்வெடுக்கலாம், வாருங்கள் என்று அழைத்தார். படகேறினார்கள். ஆனால் மக்கள் பார்த்துவிட்டார்கள். எல்லா ஊர்களிலிருந்தும் கரைவழியே ஓடி, படகுக்கு முன்னரே போய் நின்றுவிட்டார்கள். இயேசு இறங்கியபோது எதிரில் இருந்தது தனிமை அல்ல, பெருங்கூட்டம்.

அந்தப் படகிலிருந்து இறங்கிய சீடர்களின் மனநிலையை இன்று நம்மில் பலர் அறிவோம். ஆசையாய்த் திட்டமிட்டது கண்ணெதிரே கைநழுவுவது எப்படி இருக்கும் என்று கொரோனா காலம் நமக்குக் காட்டிவிட்டது.

நம் பங்கில் ஒரு குடும்பம். கணவர் டேனரியில் வேலை, மனைவி ஷூ கம்பெனியில் தையல் மெஷினில். இரண்டு பிள்ளைகள். 2020 மார்ச் மாதம் பள்ளிகளுக்குத் திடீரென்று விடுமுறை விட்டார்கள். கோடைக்கு என்று வைத்திருந்த வேளாங்கண்ணிப் பயணத்தை அவர்கள் முன்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். சீட்டு எடுத்த பணம், இருவரும் கேட்டு வாங்கிய லீவு, பிள்ளைகளுக்குப் புதுத்துணி. 20ஆம் தேதி வெள்ளிக்கிழமை கிளம்பினார்கள். பிள்ளைகள் வாழ்க்கையில் முதல்முறையாகக் கடலைப் பார்த்தார்கள். மறுநாள், 21ஆம் தேதி, நம் வேலூர் மறைமாவட்ட ஆயர் மேதகு சௌந்தரராஜு பெரியநாயகம் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தது. ஞாயிறு அன்று மக்கள் ஊரடங்கு, ஊரே நின்றது. திங்களன்று தமிழக அரசு அறிவித்துவிட்டது: செவ்வாய் மாலை 6 மணி முதல் 144 தடை உத்தரவு, மாவட்ட எல்லைகள் மூடப்படும். மாதாவின் சந்நிதியில் உட்கார்ந்து செபிக்க நினைத்தவர்கள், பேருந்து நிலையக் கூட்டத்தில் பிள்ளைகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எப்படியோ வீடு வந்து சேர்ந்தார்கள். செவ்வாய் இரவு 8 மணிக்கு நாடு முழுவதற்கும் 21 நாள் ஊரடங்கு என்று பிரதமர் அறிவித்தார்.

அந்தத் தாய் பிறகு என்னிடம் சொன்னதை அவருடைய அனுமதியோடு சொல்கிறேன்: “ஃபாதர், கல்யாணம் ஆனதுல இருந்து நாலு பேரும் ஒண்ணா எங்கயும் போனதில்ல. இதச் சொல்லி அழவே கூச்சமா இருக்கு. ஊர்ல சனங்க செத்துக்கிட்டிருக்காங்க, நான் போய் டூர் கெட்டுப்போச்சுன்னு அழுறனேன்னு.”

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஓய்வுக்கு ஏங்குவது சோம்பலும் அல்ல, ஆடம்பரமும் அல்ல. களைத்தவர்களை ஓய்வுக்கு அழைத்தவர் ஆண்டவர்தான். அந்த ஆசையை மனத்தில் விதைத்தவரும் அவரே. பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாள் கட்டளையை இணைச்சட்ட நூல் எப்படித் தருகிறது என்று வீட்டுக்குப் போனதும் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். உனக்கு ஓய்வு என்று சொல்வதோடு அது நிற்கவில்லை. மகனுக்கு, மகளுக்கு, வேலைக்காரனுக்கு, வேலைக்காரிக்கு, மாட்டுக்கு, கழுதைக்கு, உன் ஊரில் தங்கியிருக்கும் வெளியூர்க்காரனுக்கும் ஓய்வு என்கிறது. காரணத்தையும் சொல்கிறது: நீயும் எகிப்தில் அடிமையாய் இருந்தவன். ஓய்வே இல்லாமல் செங்கல் அறுத்த மக்களைக் கடவுள் மீட்டு வந்தார்; ஆகவே உன் கீழ் இருக்கும் எவரையும் ஓய்வில்லாமல் வைக்காதே. நம் திருஅவையும் இதையே போதித்து வந்திருக்கிறது. திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடல், ஞாயிறு ஓய்வு தொழிலாளியின் உரிமை என்று முதலாளிகளுக்கும் அரசுகளுக்கும் எடுத்துரைத்தது. இது நடந்து 130 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நமக்குப் பாடம் புகட்டவே கடவுள் கொரோனாவை அனுப்பினார் என்று சிலர் பேசுகிறார்கள். நாம் கோயிலுக்குச் சரியாக வரவில்லை, அதனால் கோயிலையே மூடிவிட்டார் என்றும் சொல்கிறார்கள். அன்பர்களே, அப்படிப் பேசாதீர்கள். 2021 ஏப்ரலிலும் மே மாதத்திலும் நம் கல்லறைத் தோட்டத்தில் எத்தனை குழிகள் வெட்டினோம் என்பது உங்களுக்குத் தெரியும். இருபது பேருக்கு மேல் அடக்கத்துக்கு வரக்கூடாது என்ற நிலையில், பெற்ற தாயின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் நின்ற பிள்ளைகள் இந்த ஆலயத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் இது கடவுள் கொடுத்த பாடம் என்று சொல்வது நம் ஆண்டவரின் முகத்தையே திரித்துக் காட்டுவது. இன்றைய நற்செய்தி அவருடைய முகத்தைக் காட்டுகிறது: துன்பப்படும் கூட்டத்தைக் கண்டார், மனம் உருகினார். நோயை அனுப்பியவராக அல்ல, நோயாளியின் பக்கத்தில் நிற்பவராகவே நற்செய்தி அவரைக் காட்டுகிறது.

அப்படியானால், இந்தக் காலத்தைப் பார்த்து நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஊரடங்கு எல்லாருக்கும் லீவு கொடுத்தது. ஆனால் யாருக்கு ஓய்வு கொடுத்தது?

கொரோனாவின் தொடக்கத்தில் உலகமே பார்த்த ஒரு விடுமுறையை நினைத்துப் பாருங்கள். ‘டயமண்ட் பிரின்சஸ்’ என்ற சொகுசுக் கப்பல் 2020 ஜனவரி 20 அன்று ஜப்பானின் யோகோஹாமாவிலிருந்து புறப்பட்டது. ஹாங்காங், வியட்நாம், தைவான் என்று சுற்றிவிட்டுப் பிப்ரவரி 3 அன்று திரும்பியது. நடுவில் இறங்கிய ஒரு பயணிக்குத் தொற்று என்று தெரிந்ததால் யாரையும் கரையிறங்க விடவில்லை. கப்பலில் 3,711 பேர். அவர்களில் 712 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. விடுமுறைக்கு வந்தவர்கள் 2,666 பேர். வேலைக்கு வந்தவர்கள் 1,045 பேர். பயணிகள் அறைகளுக்குள் அடைக்கப்பட்டார்கள். அவர்களுக்குப் பெரும் வேதனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அடைக்கப்பட்டவர்களுக்கு மூன்று வேளையும் சாப்பாட்டைக் கதவுவரை கொண்டுபோனவர்கள் யார்? கப்பல் ஊழியர்கள். குறுகிய அறைகளைப் பகிர்ந்துகொண்டு, ஒரே கூடத்தில் சாப்பிட்டு, தொற்றின் நடுவிலேயே அவர்கள் வேலை செய்தார்கள். கப்பலில் இருந்த 138 இந்தியர்களில் 132 பேர் இந்த ஊழியர்கள்தான். அவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். ஒரே கப்பல், ஒரே நோய். விடுமுறை முறிந்தது ஒரு பகுதியினருக்கு. வேலை முறியாமல் தொடர்ந்தது இன்னொரு பகுதியினருக்கு.

நம் பாலாற்றங்கரைக்கு வருவோம். ஐரோப்பாவில் கடைகள் மூடின. இத்தாலியும் ஜெர்மனியும் ஷூ வாங்காவிட்டால் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேர்ணாம்பட்டிலும் மெஷின் ஓடாது. ஆர்டர்கள் ரத்தாயின, அனுப்பிய சரக்குகள் வழியில் நின்றன. காலை இருட்டோடு கிளம்பும் கம்பெனி வேன்கள் வரவில்லை. அந்த நாட்களில் நம் பெண்கள் வீட்டில் இருந்தார்கள். ஓய்வெடுத்தார்களா? அரிசிக் குண்டானைப் பார்த்துக் கணக்குப் போட்டார்கள். சுயஉதவிக் குழுக் கடனின் தவணைத் தேதியை எண்ணினார்கள். வீட்டிலேயே உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்று கூலிக்கு ஷூவின் மேல்பகுதியைக் கையால் தைத்துக் கொடுக்கும் பெண்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்கு ஈ.எஸ்.ஐ.யும் இல்லை, பி.எஃபும் இல்லை. மூட்டை வராத நாளில் வருமானமும் இல்லை. மே மாதத்தில் வேலை மெல்லத் திரும்பியபோது, எல்லாருக்கும் கூப்பிட்டு அனுப்பவில்லை. மறுபடியும் 2021 மே மாதம் அதே கதை.

நம் பிள்ளைகளுக்கோ அந்தக் காலம் முடிவில்லாத லீவாயிற்று. ஒரே செல்போனை மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டு பாடம் கேட்டார்கள். அதுவும் இல்லாத வீட்டில் பாடமே இல்லை. படிப்பு விட்டுப்போன பையன் டேனரிக்குப் போகத் தொடங்கினான். படிப்பு விட்டுப்போன பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். வேலையில்லாத நாள் ஓய்வுநாள் ஆகிவிடாது, பள்ளியில்லாத நாள் விடுமுறை ஆகிவிடாது. நாளைக்குச் சோறு உண்டு, நாளைக்கும் எனக்கு இடம் உண்டு என்ற நம்பிக்கை இருக்கும்போதுதான் மனிதன் இளைப்பாற முடியும். வெறுமனே நிறுத்தி வைக்கப்பட்ட வாழ்க்கைக்கு விடுமுறை என்று பெயரிட முடியாது.

இப்போது இயேசுவைப் பாருங்கள். முறிந்துபோன அந்த ஓய்வை அவர் என்ன செய்தார்? இன்றைய வாசகம், அவர் அவர்களுக்குப் பலவற்றைக் கற்பித்தார் என்பதோடு நின்றுவிடுகிறது. அதற்கு அடுத்த வசனங்களையும் சேர்த்துப் படித்தால்தான் முழு விடை கிடைக்கும். பொழுது சாய்கிறது. மக்களை அனுப்பிவிடலாம், போய் ஏதாவது வாங்கிச் சாப்பிடட்டும் என்று சீடர்கள் சொல்கிறார்கள். அவர்களுடைய களைப்பும் நியாயமே. இயேசு அனுப்பவில்லை. மக்களைப் பந்தி பந்தியாக உட்காரச் செய்கிறார். எதன்மேல்? பசும்புல்லின்மேல். மத்தேயுவும் யோவானும் புல்லைக் குறிப்பிடுகிறார்கள். அது பச்சைப் புல் என்று சொல்பவர் மாற்கு ஒருவரே. இன்றைய பதிலுரைப் பாடல் 23ஆம் திருப்பாடல் என்பதை மறவாதீர்கள். ஆயனாகிய ஆண்டவர் தம் ஆட்டைப் பசுமையான புல்வெளியில் இளைப்பாறச் செய்கிறார் என்று தாவீது பாடியது அங்கே நடக்கிறது. ஆயனில்லா ஆடுகளாக ஓடி வந்தவர்களுக்கு ஆயன் கிடைத்தார், புல்வெளி கிடைத்தது, உணவும் கிடைத்தது.

பன்னிருவருக்கு என்று தொடங்கிய ஓய்வை இயேசு ரத்து செய்யவில்லை. அதை ஐயாயிரம் பேருக்கு விரித்துக் கொடுத்தார். சீடர்கள் எதிர்பார்த்த தனிமை கிடைக்கவில்லை, உண்மைதான். ஆனால் அவர்களும் விடுபடவில்லை. சாப்பிடக்கூட நேரம் இல்லாதவர்கள் என்று மாற்கு சொன்னாரே, அந்தப் பன்னிருவர் பந்தி பரிமாறி முடித்து மிச்சத்தைச் சேர்த்தபோது நிறைந்தது பன்னிரண்டு கூடை. ஆளுக்கொரு கூடை! பிறருடைய பசிக்காகத் தன் ஓய்வை விட்டுக்கொடுத்தவனை ஆண்டவர் பட்டினி போடுவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எல்லாரும் சாப்பிட்ட பிறகு இயேசு சீடர்களைப் படகேற்றி அனுப்பினார், கூட்டத்துக்கு விடைகொடுத்தார், தாம் மட்டும் மலைமேல் ஏறிச் செபித்தார். தள்ளிப்போன ஓய்வை அவர் கைவிடவில்லை, தேடிப் போய் எடுத்துக்கொண்டார். சேவை செய்கிறேன் என்று சொல்லி உடம்பைக் கெடுத்துக்கொள்பவர்களும், குடும்பத்துக்காகத்தான் உழைக்கிறேன் என்று சொல்லிக் குடும்பத்தோடு ஒருவேளைகூட உட்காராதவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

சகோதரர்களே, இந்தப் பசும்புல் அற்புதம் நம் ஊரில் நடந்ததை நாமே பார்த்தோம். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு மேற்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் காட்பாடி ரயிலில் வந்திறங்கும் குடும்பங்களை நாம் அறிவோம். அவர்களுக்காகவே லாட்ஜுகளில் வங்காள மொழியில் பலகை வைத்திருக்கிறார்கள். 2020இல் ரயில் நின்றபோது அந்த நோயாளிகளும் உடன் வந்தவர்களும் ஆயிரக்கணக்கில் வேலூரிலேயே மாட்டிக்கொண்டார்கள். சிகிச்சை முடிந்தும் போக வழியில்லை, கையில் பணமில்லை, மொழி தெரியவில்லை. மே மாத முதல் வாரத்தில்தான் காட்பாடியிலிருந்து ஜார்க்கண்டுக்கு முதல் சிறப்பு ரயில் கிளம்பியது. நடுவில் ஆறு வாரங்கள். அந்த ஆறு வாரங்களும் எத்தனையோ கைகள் அவர்களுக்குச் சோறு பொங்கின. அரசு அலுவலர்கள், ஆஸ்பத்திரி ஊழியர்கள், தெருக்காரர்கள், எல்லா மதத்து இளைஞர்களும் அதில் இருந்தார்கள். அவர்களில் பலருக்கு அந்த மாதம் சம்பளமே இல்லை.

அந்த ஆஸ்பத்திரி தொடங்கிய வரலாற்றிலும் ஒரு முறிந்த பயணம் இருக்கிறது. ஐடா ஸ்கடர் 1870இல் நம் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்துவிட்டு, நோயுற்ற தாய்க்குத் துணையாகத் திண்டிவனம் வந்தார். கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து, பிரசவ வேதனையில் கிடந்த இளம் மனைவிகளுக்காக ஆண்கள் வந்து அவரை அழைத்தார்கள். பெண் மருத்துவர் இல்லாமல் அந்த மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவு ஐடாவின் திட்டத்தை மாற்றியது. மருத்துவம் படித்து 1900இல் வேலூருக்கு வந்து, ஒரே ஒரு படுக்கையோடு சிகிச்சையைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் திறந்தார். கரையில் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தபின் அவரால் படகைத் திருப்ப முடியவில்லை.

திருத்தூதர் பவுல் எபேசியருக்கு எழுதியதையும் இன்று கேட்டோம். தொலைவில் இருந்தவர்களையும் அருகில் இருந்தவர்களையும் பிரித்த பகைமைச் சுவரைக் கிறிஸ்து தம் உடலில் தகர்த்தார். 2020 ஏப்ரலில் நோயோடு சேர்ந்து சந்தேகமும் பரவியதை நாம் மறக்கக்கூடாது. டெல்லியில் நடந்த ஒரு கூட்டத்தைக் காரணம் காட்டி, நம்மோடு ஒரே வேனில் போய், ஒரே லைனில் வேலை செய்யும் முஸ்லிம் சகோதரர்களை நோய்க்காரர்கள் என்று பேசினார்கள். நம் வாட்ஸ்அப்பிலும் அந்தச் செய்திகள் சுற்றின. பெருநாளும் பெரிய வெள்ளியும் தீபாவளியும் ஒரே தெருவில் நடக்கும் ஊர்கள் நம்முடையவை. அந்தச் சுவரை யாராவது மறுபடி கட்ட வந்தால், செங்கல் எடுத்துக் கொடுக்கும் கை கிறிஸ்தவனின் கையாக இருக்கக்கூடாது.

காட்பாடி ரயில் போய்ச் சேர்ந்த அந்த ஜார்க்கண்ட் மண்ணில்தான், திருச்சிப் பக்கத்தில் பிறந்த இயேசு சபைக் குரு அருள்தந்தை ஸ்டேன் சுவாமி ஆதிவாசி மக்களோடு வாழ்ந்தார். 2020 அக்டோபர் 8 அன்று, 83 வயதில், கைதானார். ஜாமீன் கேட்டுக் காத்திருந்த நிலையிலேயே, கொரோனாவாலும் பாதிக்கப்பட்டு, 2021 ஜூலை 5ஆம் தேதி மும்பை மருத்துவமனையில் இறந்தார். அதே 5ஆம் தேதிதான் நம் ஆலயக் கதவுகள் மறுபடி திறந்தன. ஆடுகளைச் சிதறடிக்கும் ஆயர்களுக்கு ஐயோ கேடு என்று எரேமியா முழங்குகிறார். ஆடுகளைத் தேடிப் போன ஆயனை அந்த மாதம் நாம் இழந்தோம். நம் மறைமாவட்டமும் அப்போது ஓர் ஆயருக்காகக் காத்திருந்தது. மந்தையைப் பற்றிக் கவலைப்படும் ஆயர்களைத் தாமே எழுப்புவதாக ஆண்டவர் எரேமியா வழியாக வாக்களிக்கிறார். அதற்காக நாம் ஒவ்வொரு நாளும் மன்றாட வேண்டும்.

சரி, இந்த வாரம் நாம் என்ன செய்யப் போகிறோம்?

குடும்பத் தலைவர்களே, நம் வீட்டில் ஒருவருக்கு மட்டும் ஊரடங்கிலும் லீவு கிடைக்கவில்லை. வெளியே வேலை நின்றபோது அவருக்கு அடுப்படி வேலை கூடிற்று. இப்போது வேனும் திரும்ப வந்துவிட்டது. விடியுமுன் எழுந்து சமைத்து, எட்டு மணி நேரம் மெஷினில் உட்கார்ந்து, டார்கெட் முடித்து, வந்து மறுபடி சமைக்கிறார். ஓய்வுநாள் கட்டளை உன் வேலைக்காரிக்கும் ஓய்வு கொடு என்று சொல்கிறது; உன் மனைவிக்குக் கொடுக்காதே என்றா சொல்கிறது? ஞாயிற்றுக்கிழமை ஒருவேளையாவது ஆண்களும் பிள்ளைகளும் சேர்ந்து சமையுங்கள். அவர் உட்காரட்டும், நீங்கள் பரிமாறுங்கள். சீடர்கள் அன்று செய்த வேலையே அது.

கம்பெனிகளில் பொறுப்பில் இருப்பவர்களே, சூப்பர்வைசர்களே, ஆர்டர் திரும்ப வருகிறது என்பதில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் இழந்த மாதங்களை ஈடுகட்ட, வார விடுமுறையைத் தொழிலாளியிடமிருந்து பறிக்காதீர்கள். உடம்பு முடியவில்லை என்று சொல்லும் பெண்ணின் வார்த்தையை நம்புங்கள். வீட்டுக்கு மூட்டை கொடுத்துத் தைக்க வைப்பவர்கள், கூலியைத் தள்ளிப்போடாமல் கொடுங்கள்.

பெற்றோரே, எவ்வளவு நெருக்கடியிலும் பிள்ளையைப் பள்ளிப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடாதீர்கள். கட்டணம் கட்ட முடியவில்லை என்றால் பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள். அன்பியக் குழுவினர் வீடு வீடாகப் போய், படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் பெயர்களை இம்மாத இறுதிக்குள் எனக்குக் கொண்டுவந்து கொடுங்கள்.

   

கடைசியாக, பயணம் முறிந்துபோன குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. அந்த ஆசையை விட்டுவிடாதீர்கள். வேளாங்கண்ணிக்குப் போங்கள், ஏலகிரிக்குப் போங்கள், பாட்டி வீட்டுக்குப் போங்கள். சீட்டுப் பணம் மறுபடி சேரும்வரை பொறுத்திருங்கள். போகும்போது, பக்கத்து வீட்டில் தாயையோ தகப்பனையோ இழந்து நிற்கும் ஒரு பிள்ளையையும் உங்களோடு கூட்டிக்கொண்டு போங்கள். ஆண்டவர் நமக்குத் தரும் ஓய்வு, ஓய்வே அறியாத ஒருவரோடு பகிரும்போதுதான் முழுமை பெறுகிறது. அந்தப் பகிர்வை இந்த ஞாயிறே நம் வீட்டில் தொடங்க நற்கருணை ஆண்டவர் நமக்கு அருள் தருவாராக. ஆமென்.